ஓர் ஏக்கர் மண் கோபித்துக்கொண்டு போனது

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பால்காரருக்குப் பாலை ஊற்றிவிட்டு வெறும் போசியோடு திரும்பிக்கொண்டிருந்த சென்னியப்பன், தன் தோட்டத்து மண் எழுந்து போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தார். அது ஓடவில்லை, பறக்கவும் இல்லை. கிழக்கு மூலையிலிருந்து பாயைச் சுருட்டுவதுபோலத் தன்னைத் தானே சுருட்டிக்கொண்டு, வரப்பின் மேல் ஏறி, கிளுவை வேலிக்கு அடியில் குனிந்து, தார்ச்சாலையின் ஓரத்தில் கொஞ்சம் நின்று, வண்டி எதுவும் வருகிறதா என்று பார்ப்பதுபோலத் தாமதித்து, பிறகு சிவப்பாகவும் நிதானமாகவும் சாலையைக் கடக்க ஆரம்பித்தது.

தாராபுரத்திலிருந்து வந்த டவுன் பஸ் இருபது நிமிடம் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"ஏனுங்க, இது யாரு ஊட்டு மண்ணுங்க?"

"என்னுதுதானுங்க" என்றார் சென்னியப்பன்.

"அப்பக் கூப்புட்டுப் பாருங்க. டைம் ஆகுதுல்ல."

சென்னியப்பனுக்கு மண்ணை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மாட்டைக் கூப்பிடுவதுபோல "பா, பா" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மண் திரும்பவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, போகிற மண் போகட்டும், சீக்கிரம் போனால் நல்லது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

ஈச்சவலசு ஊரில் சென்னியப்பன் தோட்டம்தான் மிகவும் சுத்தமான தோட்டம் என்று பெயர். வெங்காயமும் மஞ்சளும் போடுகிற அந்த ஓர் ஏக்கரில் தேடினாலும் ஒரு புல் கிடைக்காது. அறுவடை முடிந்த மறுநாளே தாளையும் தழையையும் கூட்டிக் குவித்துத் தீ வைத்துவிடுவார். புல் முளைக்கும் என்று சந்தேகம் வந்தாலே களைக்கொல்லி அடிப்பார். விருந்தாளிகள் வந்தால் வீட்டுக்குள் கூட்டிப்போவதற்கு முன்னால் தோட்டத்துக்குத்தான் கூட்டிப்போவார். "பாருங்க, சோறு போட்டு எடுத்துச் சாப்புடலாம்" என்பார். முப்பது வருடங்களாக இதையே சொன்னார், முப்பது வருடங்களாகவும் அது உண்மையாகவே இருந்தது. இப்போது மண் போன இடத்தில் வெள்ளை வெளேரென்று சுக்கான் பாறை தெரிந்தது. அதன்மேல் இன்னும் சுத்தமாகச் சோறு போட்டுச் சாப்பிடலாம்.

மண் எங்கே போயிற்று என்பதைத் தேட வேண்டியிருக்கவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம், ஓடைக்கரையில், தையல்காரி நவமணியின் வீட்டைச் சுற்றி இருபது சென்ட் இடம் இருந்தது. ஊரிலேயே குப்பையான இடம் அதுதான் என்று எல்லோரும் சொல்வார்கள். காய்த்தோலையும் டீத்தூளையும் வெட்டுத்துணியையும் அவள் ஜன்னல் வழியாகவே வீசுவாள். விழுந்த இலையைப் பொறுக்கமாட்டாள், முளைத்த புல்லைப் பிடுங்கமாட்டாள். பூசணிக்கொடி தானாக முளைத்துத் தானாகக் காய்த்துத் தானாக மட்கும். அந்த இடத்தில்தான் மண் போய் ஏறி, மெதுவாகப் பரவி, மூச்சு வாங்கி, உட்கார்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்து வாத்தியார் சைக்கிளை நிறுத்திக் கணக்குப் போட்டார். நூறு சென்ட்டில் ஒரு சாண் ஆழம் இருந்த மண் இருபது சென்ட்டில் உட்கார்ந்தால் ஐந்து சாண் உயரம் வரவேண்டும். அளந்து பார்த்தார், ஐந்து சாண் இருந்தது. நவமணியின் ஜன்னல் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஊர் இதற்கு மூன்று நாட்களில் பழகிக்கொண்டது. ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த பெண்கள் மண்ணில் வெட்டிய படிகளில் ஏறி, ஜன்னல் வழியாக அளவு கொடுத்தார்கள். அது வாசல் வழியை விட வசதியாக இருந்தது என்று சொன்னார்கள். மல்லிகைத் தொட்டிக்கு வேண்டும் என்று ஒரு கூடை மண்ணை அள்ளிக்கொண்டு போனவள், மறுநாள் காலையில் தொட்டி காலியாகவும், தன் வீட்டு வாசலிலிருந்து ஓடைக்கரை வரைக்கும் ஒரு சிவப்புக்கோடு போயிருப்பதையும் பார்த்துவிட்டு, இனி யாரும் அள்ளவேண்டாம், அதற்கு வீண் அலைச்சல் என்று மற்றவர்களுக்குச் சொன்னாள். கிராம நிர்வாக அலுவலர் வந்து நோட்டைப் பிரித்து, மூடி, மறுபடியும் பிரித்தார்.

"புல எண் உங்ககிட்டத்தான் இருக்குதுங்க. மண்ணுதான் அங்க இருக்குது. பட்டாவுல நீளம் அகலம் எழுதுவோம், ஆழம் எழுதறதில்லீங்க. நான் என்ன பண்ணட்டும்?"

வேளாண்மைத் துறையினர் மண் பரிசோதனைக்கு எடுத்துப்போன பிடி மண்ணும் இரண்டு நாளில் திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பின்னால் தபாலில் வந்த அட்டையில் எல்லாக் கட்டங்களும் காலியாக இருந்தன. கடைசிக் கட்டத்தில் மட்டும் யாரோ பேனாவால் 'இருக்கும் இடத்தில் நலம்' என்று எழுதியிருந்தார்கள்.

சென்னியப்பனுக்கு நலம் இல்லை. பாறையில் வெங்காயம் முளைக்காது. மண் வராவிட்டால் திருப்பூரில் பனியன் கம்பெனி வாசலில் வாட்ச்மேன் வேலைக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை என்று அவருக்குத் தெரியும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதை நவமணிதான் சொன்னாள்.

"எனக்கொண்ணும் இடைஞ்சல் இல்லீங்கண்ணா. ஆனா ஐப்பசி மழைக்கு இந்த ஓடை எங்கூட்டு மொகப்பு வரைக்கும் ஏறும். அஞ்சு சாண் மண்ணு பொதபொதன்னு உக்காந்திருக்குது. ஒரே ராத்திரியில அள்ளிட்டுப் போயிரும். ஓடைக்குப் போனா அமராவதி, அப்புறம் காவேரி, அப்புறம் கடலுங்க. கடல்ல இருந்து மண்ணு ஊட்டுக்கு வந்ததா நான் கேள்விப்பட்டதில்ல."

ஆனியிலிருந்து ஐப்பசிக்கு நான்கு மாதம். சென்னியப்பன் விரல்விட்டு எண்ணினார்.

முதலில் வந்தவன் அவருடைய மச்சினன் தங்கராசு. அவனிடம் மண் அள்ளும் இயந்திரமும் இரண்டு டிப்பர் லாரிகளும் இருந்தன. எந்தப் பிரச்சினையையும் டிப்பர் கணக்கில்தான் யோசிப்பான். "மாமா, நீங்க சும்மா நில்லுங்க, நான் ஏத்திட்டு வந்து கொட்டறேன்" என்றான். காலையிலிருந்து மாலை வரை ஏற்றினான், கொட்டினான், தட்டிச் சமன் செய்தான். மறுநாள் காலையில் பாறை மறுபடியும் வெள்ளையாகச் சிரித்தது. மண் நவமணியின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது. மூன்று முறை ஏற்றினான். மூன்றாவது முறை லாரி திரும்புவதற்கு முன்னாலேயே மண் ஓடைக்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"இது அக்காளைவிடப் பிடிவாதமா இருக்குது மாமா" என்றான் தங்கராசு.

"என்னைய எதுக்குடா இழுக்கற?" என்றாள் குணவதி. சென்னியப்பனின் மனைவி அவள். மண் போன அன்று அவள் மட்டும்தான் ஆச்சரியப்படவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. "நானா இருந்தா இருபது வருசத்துக்கு முன்னாலயே போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டாள்.

பிறகு ஊர் கூடிப் பேசியது. கோபித்துக்கொண்டு போனவர்களை எப்படிக் கூட்டி வருவது என்று ஈச்சவலசுக்குத் தெரியும். பெரியவர்கள் நாலு பேர் தட்டு எடுத்துக்கொண்டு போகவேண்டும், முகம் கொடுத்துப் பேசவேண்டும், கொஞ்சம் தலைகுனிய வேண்டும். ஆகவே ஆடி பிறப்பதற்கு முன்னால் ஒரு நல்ல நாள் பார்த்து, வெற்றிலை பாக்கு, தேங்காய், வாழைப்பழம், மஞ்சள், குங்குமம் எல்லாம் வைத்துத் தட்டு ஜோடித்தார்கள். மண்ணுக்குப் புடவை வைக்க முடியாது, வேறு என்ன சீர் வைப்பது என்று வெகுநேரம் யோசித்தார்கள். இருப்பதிலேயே உயர்ந்ததாக வைக்கவேண்டும் என்று சென்னியப்பன் பிடிவாதமாகச் சொன்னார். அதனால் ஒரு புது மூட்டை யூரியாவுக்கும் ஐந்து லிட்டர் களைக்கொல்லி கேனுக்கும் குங்குமப் பொட்டு வைத்து, மாலை போட்டு, தலையில் சுமந்துகொண்டு மேளத்தோடு போனார்கள்.

மண் அந்த மூட்டையைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் நகர்ந்தது. நவமணியின் சுவர் கிறீச்சிட்டது. மேளக்காரர் தானாக நிறுத்திக்கொண்டார்.

"அதைத் தூரக் கொண்டுபோங்க! என் ஊடு உழுந்துரும்!" என்று ஜன்னலுக்குள்ளிருந்து நவமணி கத்தினாள்.

மற்றவர்கள் தட்டோடு திரும்பிப் போனபிறகும் சென்னியப்பன் மட்டும் மண்படியில் உட்கார்ந்திருந்தார். நவமணி தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே பேசினாள்.

"எனக்கும் தட்டு வந்துச்சுங்கண்ணா. வெள்ளகோவில்ல என்னைக் கட்டிக்கொடுத்த ஊட்டுல இருந்து நாலு தடவ வந்தாங்க. தேங்காய், பழம், பட்டுச்சேலை, ஒண்ணுக்கும் கொறைவில்ல. அந்த ஊட்டு அடுப்படிக்கு ஜன்னல் கெடையாது. பொகை முட்டி முட்டி எனக்கு நெஞ்சே கறுத்துப்போச்சு. ஜன்னல் வெச்சாச்சு, வா அம்மிணின்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்களான்னு நாலு தடவயும் பாத்தேன். நல்லாத்தான் பேசுனாங்க. ஜன்னலைப் பத்தி மட்டும் யாரும் பேசல."

அவள் துணியைத் திருப்பிப் போட்டு அடுத்த ஓரத்தைத் தைத்தாள்.

"அஞ்சாவது தடவ?" என்றார் சென்னியப்பன்.

"வரல. நான் இங்க மூணு பக்கமும் ஜன்னல் வெச்சு ஊடு கட்டிக்கிட்டேன்."

சென்னியப்பன் கீழே குனிந்து, தான் உட்கார்ந்திருந்த மண்ணை முதல்முறையாகக் கிட்டத்தில் பார்த்தார். சில வாரங்களுக்கு முன்னால் அவர் தோட்டத்தில் செங்கல்தூள் மாதிரி கிடந்த மண் அது. இப்போது அது கறுப்பேறிக் குருணை குருணையாக இருந்தது. விரலை விட்டால் இரண்டாவது கணு வரைக்கும் தானாக இறங்கியது. வெட்டுத்துணி ஒன்றின் பாதியை அது தின்று முடித்திருந்தது, மீதிப் பாதியில் மண்புழு ஒன்று படுத்திருந்தது. மழை பெய்யாமலே மழை பெய்த வாசனை வந்தது. அந்த வாசனையைத் தன் தோட்டத்தில் கடைசியாக எப்போது முகர்ந்தோம் என்று யோசித்தார். அவருக்கு ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காலையிலிருந்து சென்னியப்பன் குப்பை பொறுக்க ஆரம்பித்தார்.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் விழுந்த சருகை மூட்டை கட்டினார். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் கிடந்த வாழை இலைகளை ஏற்றினார். கரும்பில் உரித்த காய்ந்த சோகை, தேங்காய்மட்டை, கடலைத்தோல், மாட்டுக்கொட்டகையில் மூத்திரம் ஊறிய சோளத்தட்டு, சாணம், சந்தையில் வீசிய முட்டைக்கோஸ் இலை என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து அந்த வெள்ளைப் பாறையின்மேல் பரப்பினார். மண் இல்லாத தோட்டத்துக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்தார். கொள்ளு, தட்டைப்பயறு, சணப்பு, கம்பு, எள் என்று கையில் கிடைத்த விதையையெல்லாம் கலந்து சாணக்குப்பையில் தூவினார். களைக்கொல்லி கேனைக் கடைக்காரரிடமே திருப்பிக்கொடுத்தார். குங்குமப் பொட்டு இருந்ததால் கடைக்காரர் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஊர் வேடிக்கை பார்த்தது. "சென்னியப்பண்ணா, விருந்தாளி வந்தா இப்ப எங்க கூட்டிட்டுப் போவீங்க?" என்று பஸ் ஸ்டாப்பில் கேட்டார்கள். அவருக்குக் காது சிவந்தது. ஆனாலும் சோகைக் கட்டைத் தலையிலிருந்து இறக்கவில்லை.

"ஒரு வேப்பிலை உழுந்தா ஓடிப்போய் எடுத்து எரிக்கற மனுசன்" என்றாள் குணவதி, மறுமுனையைப் பிடித்துப் பரப்பியபடி. "இப்பப் பாரு, எலை உழுகுதான்னு மரத்தடியில காத்துட்டு நிக்குது."

"சிரிக்காத புள்ளே."

"நான் எங்க சிரிச்சேன்?" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுடைய தோள்கள் குலுங்கின.

ஆவணி பாதியில் விதைகள் முளைத்தன. பாறையின் விரிசல்களில் வேர் நுழைத்து, சோகைக்கு மேலே தலை நீட்டி, நோஞ்சானாகவும் பச்சையாகவும் நின்றன. தட்டைப்பயற்றில் முதல் பூ பூத்த அன்று, காலை ஏழு மணிக்கு, வேலியின் அடியில் ஏதோ நகர்வதை சென்னியப்பன் பார்த்தார். ஒரு கைப்பிடி மண் வந்திருந்தது.

சம்பந்தத்துக்காகத் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டை நோட்டம் பார்க்க வந்தால் எப்படித் தெரியாததுபோல இருக்கவேண்டுமோ அப்படி அவர் இருந்தார். மண்வெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். திரும்பி உட்கார்ந்து, இல்லாத வேலை ஒன்றைச் செய்தார். அந்தக் கைப்பிடி மண் வரப்பில் கொஞ்சம் நின்றது, சோகையின் ஓரத்தைத் தொட்டது, பின்வாங்கியது, மறுபடியும் தொட்டது, பிறகு அதற்கடியில் நுழைந்தது. அரைமணி நேரம் உள்ளே என்ன பார்த்ததோ, என்ன கேட்டதோ, வெளியே வந்து சாலையைக் கடந்து போய்விட்டது.

அடுத்த நாள் இரண்டு கைப்பிடி வந்தது. அதற்கடுத்த வாரம் ஒரு முறம் அளவு வந்தது, ஒரு பகல் முழுக்கத் தங்கியது, சாயங்காலம் போய்விட்டது. பஸ் டிரைவர்கள் இதற்கும் பழகிக்கொண்டார்கள். காலை ஏழு மணிக்கு அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தார்கள். புரட்டாசி முடிந்தது. ஒரு முறம் வந்து போய்க்கொண்டிருந்ததே தவிர, ஐந்து சாண் மண்ணும் ஜன்னலோரத்திலேயே இருந்தது. மேற்கே மேகம் சேர ஆரம்பித்தது. நவமணி தன் துணிகளை மூட்டை கட்டிப் பரண்மேல் ஏற்றினாள்.

"போய்க் கூப்புடட்டுமா?" என்றார் சென்னியப்பன்.

"தட்டு எடுத்துட்டா?" என்றாள் குணவதி. "பேசாம சோகையைப் பரப்புங்க. அந்தத் தெக்கு மூலையில இன்னும் பாறை தெரியுது."

அவர் பரப்பினார். தெற்கு மூலையில் பாறை மறைந்த அன்று ஐப்பசி நாலாம் தேதி, வியாழக்கிழமை. மத்தியானம் இரண்டு மணிக்கு வானம் ஈயச்சட்டி மாதிரி இறங்கி நின்றபோது, ஓடைக்கரையில் மண் எழுந்தது.

போன மாதிரியே வந்தது. ஆனால் போனதைவிடப் பெரிதாக வந்தது, ஏனென்றால் நான்கு மாதத்தில் அது பெருத்திருந்தது. மண்புழுக்களை வயிற்றில் வைத்துக்கொண்டு, பூசணிக்கொடி ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு, கறுப்பாகவும் ஈரமாகவும் வரிசையாகவும் வந்து தார்ச்சாலையை அடைந்தது. டவுன் பஸ் நின்றது. அதே கண்டக்டர் இறங்கினார்.

"ஊட்டுக்குத் திரும்புதுங்களா?"

"அப்படித்தான் தெரியுதுங்க" என்றார் சென்னியப்பன்.

"அவசரப்படாம வரச்சொல்லுங்க. நாங்க நிக்கறோம்."

பாதி மண் சாலையைக் கடந்திருந்தபோது முதல் துளி விழுந்தது. அடுத்தடுத்துச் சாலையோரப் புழுதியில் ஒரு குழி, மண்ணின் முதுகில் ஒரு குழி. சரிவான சாலை அது, இரண்டு பக்கமும் சாக்கடை. பெருமழை பிடித்தால் பாதி ஏக்கர் அப்படியே கரைந்து ஓடைக்குப் போய்விடும். சென்னியப்பன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். குணவதி அவர் கையை எட்டிப் பிடித்தாள்.

"தொடாதீங்க! தங்கராசு மூணு தடவ அள்ளினது போதாதா?"

"மழை புள்ளே! கரைஞ்சுரும்!"

அப்போது நவமணி வந்தாள். பரணில் கட்டி வைத்திருந்த துணி மூட்டையை அவிழ்த்து, யாரோ ஓரம் அடிக்கக் கொடுத்த எட்டு முழ வேட்டியை உதறி, மறுமுனையைக் கண்டக்டரிடம் கொடுத்து மண்ணுக்கு மேலே பிடித்தாள். பஸ்ஸிலிருந்தவர்கள் குடையோடு இறங்கினார்கள். தங்கராசு டிப்பர் லாரியின் தார்ப்பாயைக் கொண்டுவந்தான். வாத்தியார் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையை இரண்டு பேரோடு தூக்கிக்கொண்டு வந்தார். சேலை, ஜமுக்காளம், சாக்கு, உரப்பை, கல்யாண மண்டபத்துச் சாமியானா என்று கிடைத்ததையெல்லாம் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈச்சவலசு ஊர் முழுக்க நனைந்துகொண்டே நின்றது. அதற்கடியில் மண் நனையாமல், நிற்காமல், யாரையும் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தது. கிளுவை வேலிக்கு அடியில் குனிந்தது. வரப்பில் ஏறியது. சோகைக்கும் பாறைக்கும் நடுவில், தூங்குகிற குழந்தையின் தலைக்கடியில் தலையணை வைப்பதுபோல, தட்டைப்பயற்றையும் சணப்பையும் கம்பையும் ஒரு சாண் உயரம் மெதுவாகத் தூக்கிவிட்டு, அடியில் நுழைந்து, பரவி, படுத்துக்கொண்டது.

ஒரு விரற்கடை உயர மண் மட்டும் நவமணியின் இடத்திலேயே தங்கிவிட்டது. அதைக் கேட்பதா வேண்டாமா என்று யாரோ சென்னியப்பனைக் கேட்டார்கள். "அதுக்கு அங்க புடிச்சிருக்குது, உடுங்க" என்றார் அவர்.

மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. ஓடை நவமணியின் வீட்டு முகப்பு வரைக்கும் ஏறி, புல்வேர் பிடித்திருந்த அந்த விரற்கடை மண்ணைக்கூட எடுத்துப்போக முடியாமல் இறங்கிப்போனது. மூன்றாம் நாள் காலையில் சென்னியப்பன் சாக்கைத் தலைக்குக் கொங்காடையாக மடித்துப் போட்டுக்கொண்டு தோட்டத்தின் தாழ்ந்த கோடிக்குப் போனார். வயலில் விழுந்த மழையெல்லாம் சாலையோரத்து வாய்க்காலுக்கு வடிகிற இடம் அது. ஒவ்வொரு ஐப்பசியிலும் அந்த வாய்க்கால் முதல் மழைக்கே தோட்டத்து மண்ணைக் கரைத்துக்கொண்டு சிவப்பாகப் பொங்கும், அவர் அதைக் குறுக்கே தாண்ட முடியாமல் நிற்பார். இப்போது அவர் குந்தி உட்கார்ந்து காத்திருந்தார். பூமிக்குள் ஏதோ மாடு தண்ணீர் குடிப்பதுபோல ஒரு சத்தம் மட்டும் தோட்டம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சுங்க?" என்று வீட்டுப் பக்கத்திலிருந்து குணவதி கேட்டாள்.

"ஒண்ணும் வரல."

"என்னது?"

"ஒண்ணுமே வரலேங்கறேன்!" என்று அவர் கத்தினார்.

அவள் தூக்குப்போசியில் காபியை எடுத்துக்கொண்டு, சேலைத் தலைப்பைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, பச்சைக்கு நடுவில் கணுக்கால் புதையப் புதைய நடந்து வந்து அவருக்குப் பக்கத்தில் குந்தினாள். மழை பெய்துகொண்டிருந்தது. இருவரும் காபியைப் பங்கிட்டுக் குடித்தபடி, அந்தக் காலி வாய்க்காலை நெடுநேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.